கொட்டேஷனில் இல்லாத 2,340 வெள்ளி: மறுப்பும் புகாரும்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வயரிங்கை மாற்ற 4,200, தண்ணீர் பைப் மாற்ற 2,300 என மொத்தம் 6,500 வெள்ளிக்கு (பொருள் சேவை வரி தனி) ஒப்புக்கொண்டீர்கள். இறுதி பில்லில் 2,640 வெள்ளி கூடியிருக்கிறது.

இதில் 990 வெள்ளி, "கூடுதல் பாயிண்ட் 11" என்பதற்கு. வரைபடத்தில் இருந்த அதே 11 இரட்டை சாக்கெட்டுகளைத்தான் இரண்டிரண்டாக எண்ணியிருக்கிறீர்கள். பெட்டி ஒன்று, அதற்கு வரும் கம்பியும் ஒன்று. முகப்புத் தகடு மட்டுமே பெரிது. அதற்கு 90 வெள்ளியா?

பைப்புக்குக் கூடுதலாக 40 அடி, அடிக்கு 18 வீதம் 720 வெள்ளி. கூரையோரம் ஓடும் பைப் ஒவ்வொரு குழாய்க்கும் சுமார் 5 அடி கீழே இறங்க வேண்டும். 8 குழாய்க்கு 40 அடி. தரைப்படத்தை மட்டும் அளந்தால் இந்த இறக்கம் தெரியாது. எஸ்டிமேட் போடுகிறவர் முதலிலேயே சேர்த்திருக்க வேண்டிய கணக்கு இது, என் தலையில் விழக்கூடாது.

சுவர்ப் பூச்சுக்கு 630. சுவரை வெட்டாமல் கம்பியைப் புதைக்க மந்திரம் ஏதும் உண்டா? வெட்டிய இடத்தைப் பூசுவதும் வயரிங் வேலையில் அடக்கம்தானே. மின் பணியாளர் சான்றுக்கான 300 வெள்ளி தனி என்று கொட்டேஷனிலேயே இருந்தது. அதை மட்டும் தருகிறேன்.

பணத்தைவிடப் பெரிய பிரச்சினை சமையலறையில். சாக்கெட் தகட்டைக் கழற்றினால் கம்பியின் உறையில் 1.5 (சதுர மில்லிமீட்டர், கம்பியின் குறுக்களவு) என்று அச்சாகியிருக்கிறது. பேசியது 2.5. டிபி பாக்ஸில் (மின் விநியோகப் பெட்டி) அதற்கு 20 ஆம்ப் பிரேக்கர். கெட்டில் 2,200 வாட், ஏர் ஃபிரையர் 1,500, ரைஸ் குக்கர் 700: 230 வோல்ட்டில் சுமார் 19 ஆம்ப். பிரேக்கர் விழாது, டிரங்கிங்குக்குள் (கம்பிகள் ஓடும் மூடிய குழல்) இந்த மெல்லிய கம்பிதான் சூடாகும். ஆர்சிசிபி இருக்கிறதே என்கிறார் உங்கள் மேற்பார்வையாளர். அது மின்கசிவுக்கு, மிகைச்சுமைக்கு அல்ல. பிரேக்கரை 10 ஆம்ப்பாகக் குறைப்பதையும் ஏற்க மாட்டேன். கெட்டிலும் ஏர் ஃபிரையரும் சேர்ந்தாலே 16 ஆம்ப்.

சிங்க்குக்குக் கீழே பழைய இரும்பு பைப்பில் புதிய காப்பரை நேரடியாக முறுக்கியிருக்கிறார்கள். ஈரத்தில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பது இரும்புதான். மிச்சமுள்ள அந்த இரும்புத் துண்டை எடுத்துவிடுங்கள். ஓடு ஒட்டும் முன் பைப்பில் அழுத்தச் சோதனை செய்த பதிவையும் அனுப்புங்கள்.

14 நாளுக்குள் சமையலறைக்கு 2.5 கம்பி இழுத்து, 2,340 வெள்ளியை நீக்கிய பில்லைத் தராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடமும், தேவைப்பட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திலும் முறையிடுவேன். கம்பி உறை, சிங்க் இணைப்பு ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்