பதராகும் கதிரெல்லாம் ஆண்மலடு அல்ல

ஆசிரியருக்கு,

அயோடின் கரைசலில் மகரந்தம் நிறம் ஏறாமல் சுருங்கித் தெரிந்தால் அந்த நெற்செடி ஆண்மலடு (மகரந்தம் மட்டும் கெட்டு, பெண் பக்கம் நன்றாக இருப்பது), அதை வீரிய ஒட்டு விதைக்குத் தாயாக எடுக்கலாம் என்று தங்கள் வேளாண் பக்கத்தில் வந்திருந்தது. இதை நம்பி இறங்கினால் ஒரு பருவமே வீணாகக்கூடும்.

மரபணு மாற்றத்தால் குரோமோசோம்கள் ஜோடி சேராமல் போன திரிபுச் செடியிலும் மகரந்தம் அப்படியேதான் தெரியும். நெல்லின் 24 குரோமோசோம்களும் குன்றல் பகுப்பில் (இனப்பெருக்க செல்கள் உருவாகக் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவில்) 12 ஜோடிகளாகச் சேர்ந்து, பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் பிரிய வேண்டும். சேராவிட்டால் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒதுங்கும். பன்னிரண்டிலும் ஒவ்வொன்று சரியாக வந்தமையும் வாய்ப்பு 4096-ல் ஒன்றுதான். பின்தங்கித் தொலைபவற்றையும் சேர்த்தால் அதுவும் மிஞ்சாது. இதே பகுப்பு சூலுக்குள்ளும் நடப்பதால் பெரும்பாலும் பெண் பக்கமும் கெட்டுவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல மகரந்தம் தூவினாலும் மணி பிடிக்காது.

எனவே முதலில் தூவிப் பார்க்க வேண்டும். ஒரு கதிரை அப்படியே உறையிட்டு விடுங்கள். இன்னொன்றில் பூ விரியும் நேரத்தில் நல்ல ரகத்தின் மகரந்தத்தைத் தூவி உறையிடுங்கள். இரண்டாவதில் மணி பிடித்தால் ஆண்மலடு. இரண்டுமே பதரானால் குரோமோசோமைப் பார்த்தாக வேண்டும்.

அதற்குக் கதிர் தோகைக்குள் இருக்கும்போதே எடுக்க வேண்டும். வெளியே தலைகாட்டிய கதிரில் பகுப்பு எப்போதோ முடிந்திருக்கும். பலரும் தவறுவது இங்கேதான். எத்தில் ஆல்கஹால் 3 பங்கு, கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 பங்கு சேர்த்த கலவையில் 24 மணி நேரம் ஊறவிட்டு, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். மகரந்தப்பையை 1 சதவீத அசிட்டோகார்மைன் சாயத் துளியில் நசுக்கி நுண்ணோக்கியில் பாருங்கள். நல்ல செடியில் 12 ஜோடிகள் நடுக்கோட்டில் வரிசையாக நிற்கும். திரிபுச் செடியில் ஒற்றைகள் செல் முழுவதும் சிதறிக் கிடக்கும்; நான்கு செல் கட்டத்தில் குட்டி உட்கருக்களும் தென்படும்.

வெப்பமோ குளிரோ ஜோடியைக் கெடுப்பதும் உண்டு. தாளை அறுத்து மறுதாம்பு விட்டு, நல்ல பருவத்திலும் பதராகிறதா என்று பார்த்தபின் முடிவு கட்டுவது நல்லது.

ஆனால் இத்தகைய திரிபுகள் எல்லாம் குப்பைக்குரியவை அல்ல. கோதுமையின் 5பி குரோமோசோமில் பிஎச்-1 என்ற பகுதி, உறவு மட்டுமே உள்ள குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஜோடி சேராமல் தடுப்பது. அதை இழந்த செடியை 1977-ல் கோதுமை மரபியலாளர் சியர்ஸ் வெளியிட்டார். அதில் அந்தத் தடை இல்லாததால், காட்டு உறவுகளின் மரபணுக்களைக் கோதுமைக்குள் கொண்டுவர இன்றும் அது கைகொடுக்கிறது. வேண்டிய துண்டு வந்ததும் பிஎச்-1-ஐத் திரும்பச் சேர்த்துவிட வேண்டும். இல்லையேல் தலைமுறைக்குத் தலைமுறை குரோமோசோம்கள் இடம் மாறி விதைப்பிடிப்பு சரியும்.

நெல்லில் கண்ட திரிபைக் காப்பாற்ற நினைப்பவர்கள் அதே குடும்பத்தின் விதை பிடிக்கும் செடிகளைத் தனித்தனியாக அறுவடை செய்ய வேண்டும். திரிபுக்குக் காரணம் ஒரே ஒடுங்கு மரபணுவானால் (இரு பிரதிகளும் சேர்ந்தால்தான் வெளிப்படுவது) அவற்றில் மூன்றில் இரண்டு திரிபைச் சுமக்கும்.

அக்கட்டுரையின் தொடர்ச்சி வருமானால், அயோடின் சோதனையோடு தூவிப் பார்க்கும் சோதனையையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பயிர் மரபியல் துறை வாசகர்