மாத்திரையை நிறுத்திவிடாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு சுகர் பரவாயில்லை. முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, பறிக்கத்தான் ஆளில்லை.

மூன்று வாரமாக வீடியோவில் வர மாட்டேன் என்கிறாய். நெட் சரியில்லையாம். ஹைதராபாத்தில் இல்லாத நெட் கோவில்பட்டியில் எனக்கு இருக்கிறது. சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை. தோலெல்லாம் சீழ்க்கொப்புளம் கிளம்புகிற அந்த பஸ்டுலர் சோரியாசிஸுக்கான மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்திவிடாதே. காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ.

எதிர்வீட்டு அத்தையின் பேத்திக்கு நிச்சயம் ஆகிவிட்டது. உன்னைக் குத்திச் சொல்லவில்லை, சேதி சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் படுத்தபடி உன் நோய் எப்படிக் கிளம்புகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கம் நீ வரைந்து காட்டினாயே, அது இன்னும் பீரோவில் இருக்கிறது. தோலில் இன்டர்லூக்கின் 36 என்று ஒரு புரதம் ஆள் கூப்பிடுமாம், வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடிவருமாம். போதும் என்று அதை அடக்கவேண்டிய இன்னொரு புரதம் சிலருக்குப் பிறவியிலேயே பழுதாம். கொப்புளத்துச் சீழில் கிருமியே இல்லை என்றபோது நான் நம்பவில்லை. சீழ் என்றால் கிருமிதானே? உன் துணியை வேப்பிலை போட்டு வேகவைத்தேன், தட்டைத் தனியாக வைத்தேன். பத்தாவது தாண்டாத எனக்கே விளங்கவைத்தாய். நீ டீச்சராகப் போயிருக்கலாம்.

இந்த பஸ்டுலர் சோரியாசிஸைப் பற்றி ஃபான் சும்புஷ் என்ற டாக்டர் 1910இல் எழுதியது கூடப்பிறந்த ஒரு ஆணையும் பெண்ணையும் பார்த்து என்றாய். அதிலிருந்து தம்பி தோளைச் சொறிந்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

மாத்திரையை நிறுத்தாதே. ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அந்த ஆவணியில் மதுரையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், ஸ்டீராய்டில் முகம் ஊதிக் கிடக்கிறதே என்று நிறுத்தச் சொன்னது நான். பத்தே நாளில் குளிர்காய்ச்சல், முதுகெல்லாம் கொப்புளம். சோரியாசிஸ்காரர்கள் அதைத் திடீரென்று விட்டால் இப்படித்தான் கிளம்பும் என்று டாக்டர் சத்தம் போட்டார். "மறந்துட்டா சார்" என்று சொல்லிவிட்டேன். நீ கண்ணை மூடிக் கிடந்தாய். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருக்கலாம், பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வீடியோ இல்லாவிட்டாலும் சரி.

அம்மா