மடிப்புக் கலையாமல் தந்தவர்களுக்கு

அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்.

அவ்வை தி. க. சண்முகம் அவர்களின் நாடக, திரை வாழ்க்கையைப் பற்றி மதுரையில் நாங்கள் வைத்த இரண்டு நாள் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. முடிந்த மறுநாளே எழுதியிருக்க வேண்டும். இரவல் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் அவரவர் வீட்டில் சேர்த்த பிறகுதான் எழுத மனம் வந்தது.

தொடங்கும்போது எங்கள் கையில் இருந்தது அவர் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ மட்டும்தான். 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 1918இல் இதே மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில், அதாவது சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுவில், அண்ணன்மாருடன் சேர்ந்தபோது வயது ஆறு. அந்தச் சிறுவனை மனத்தில் வைத்துச் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதினார் என்பதெல்லாம் படிக்கக் கிடைக்கிறது. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? 1961இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ இருக்கிறது. சுப்பிரமணிய சிவாவாக அவர் வரும் காட்சிகளில் இன்றைக்கும் கண் கலங்கும். ஆனால் முப்பதை ஒட்டிய வயதில் கூன் விழுந்த ஔவைப் பாட்டியாக அவர் மேடையில் நின்ற இரவுகள் படுதா இறங்கியதோடு போய்விட்டன. பெயருக்கு முன்னால் ‘அவ்வை’ ஒட்டிக்கொண்டது அந்த வேடத்தால்தான். சென்னையில் அவ்வை சண்முகம் சாலையில் தினமும் போய்வரும் பலருக்கு இது தெரியாது என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

அந்த இரவுகளில் கொஞ்சத்தை மீட்டுத் தந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுக்கு. தகப்பனார் சேர்த்துவைத்த நாடக நோட்டீஸை மஞ்சள் பைக்குள் இன்னொரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். இளஞ்சிவப்பு நிறம் வெளுத்துப்போன மெல்லிய தாள், நான்காக மடித்தது. மடிப்பின் ஓரத்தில் தேதி இருந்த இடம் மட்டும் தூளாகிவிட்டிருந்தது. “ஆணி கூடாது, பசை கூடாது” என்றார். கண்ணாடிக்கு அடியில் வைத்தோம். இரண்டு நாளும் நாற்காலி போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, வந்த பிள்ளைகளுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினார். அம்மா, அந்த நோட்டீஸைவிட நீங்கள் படித்த விதம்தான் அவர்களை நிறுத்திவைத்தது.

ஒப்பனைக்கார ஐயாவுக்கு என்ன சொல்வது! இருபது வயதுப் பையனை உட்காரவைத்துக் கிழவியாக்கிக் காட்டினீர்கள். “முகத்தில் கோடு போடுகிறவன் கழுத்தை மறந்துவிடுவான். முன்வரிசையில் இருப்பவன் கழுத்தைத்தான் பார்ப்பான்” என்றபடி கழுத்திலும் புறங்கையிலும் நீங்கள் நிழல் தீட்டியபோது கூடத்தில் பேச்சே இல்லை. பையன் எழுந்து நடந்தான். ஆனால் இளைஞனின் நடை. நீங்கள் சிரிக்கவில்லை. “நடையை நான் பூச முடியாது தம்பி” என்று மட்டும் சொன்னீர்கள். சண்முகம் அவர்கள் என்ன செய்திருப்பார் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது.

ஏணி போட்டுப் பழைய இதழ்களை இறக்கித் தந்த நூலகருக்கும், புகைப்படங்களைப் படியெடுத்த தம்பிக்கும், தேநீருக்குக் காசு வாங்க மறுத்த அண்ணனுக்கும் நன்றி.

கடைசியாக ஆர்மோனியத் தாத்தா. பருவ வயதில் குரல் உடைகிற மகரக்கட்டைப் பற்றி நீங்கள் பேசியதை மறக்க மாட்டேன். பாய்ஸ் கம்பெனியில் ராஜபார்ட்டாக, அதாவது கதாநாயகனாக, உச்சத்தில் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு ஒருநாள் குரல் உடையும். அதோடு வேடம் போகும், சிலருக்குச் சோறும் போகும். அதைக் கடந்து அறுபது வயதுவரை நாடகத்தை விடாத ஒருவரின் வாழ்க்கையை நாங்கள் ஆண்டுவாரியாக அட்டையில் எழுதி வைத்திருந்தோம். நீங்கள் இரண்டு கட்டைகளை அழுத்தி, உடைவதற்கு முன்பும் பின்பும் சுருதி எங்கே நிற்கும் என்று கேட்கவைத்தீர்கள். அட்டைகளில் நாங்கள் எழுதாமல் விட்டது அது.

சுவாமிகள் பாட்டு ஒன்று பாதியில் நின்றுவிட்டது, மூச்சு ஒத்துழைக்கவில்லை என்று வருந்தினீர்கள். வருந்த வேண்டாம் தாத்தா. ஞாயிறு காலை ஒலிப்பதிவுக் கருவியோடு வீட்டுக்கே வருகிறோம். பெட்டியைத் துடைத்து வைத்திருங்கள்.