எரர் காட்டாத மீட்டர்: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்: தண்ணீர்ப் பரிசோதனைக் கடை, பென்னாகரம், தருமபுரி மாவட்டம்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: ஃபுளோரைடு எலக்ட்ரோடு, மீட்டர் பழுது

ஐயா,

ஜனவரியில் உங்களிடம் 52,000 ரூபாய் கொடுத்து தண்ணீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அளக்க, தண்ணீரில் முக்கும் எலக்ட்ரோடும் அதற்கான மீட்டரும் வாங்கினேன். ஓடாத மீட்டராக இருந்திருந்தால் திருப்பி அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். இது ஓடுகிற மாதிரியே நடித்தது.

லிட்டருக்கு 1 மில்லிகிராம், 10 மில்லிகிராம் ஸ்டாண்டர்டு கரைசல்களில் முக்கினால் 54 முதல் 60 மில்லிவோல்ட் வரை வித்தியாசம் வர வேண்டும் என்று உங்கள் கையேடே சொல்கிறது. பெட்டி பிரித்த அன்றே 41தான் வந்தது. இந்த வித்தியாசத்துக்குத்தான் ஸ்லோப் என்று பெயர். மீட்டரும் 'ஸ்லோப் எரர்' காட்டியது. போன் செய்தால் உங்கள் சர்வீஸ்காரர், "நுனியில இருக்கற படிகத்தை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ங்க" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். விசாரித்தால், லாந்தனம் ஃபுளோரைடு படிகத்தை ஃபுளோரைடு டூத்பேஸ்ட்டால் தேய்ப்பது வழக்கம்தானாம். சரி என்று தேய்த்தேன். 41 அசையவில்லை. மறுபடி போன். "அப்ப 1 மில்லிகிராம் கரைசலை மட்டும் வச்சு செட் பண்ணிக்கோங்க சார், எரர் போயிடும்." போய்விட்டது, உண்மைதான்.

மூன்று வாரம் கழித்து ஒரு வீட்டு போர்வெல் தண்ணீர் வந்தது. மீட்டர் லிட்டருக்கு 1.47 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500இல் 1.0தான் ஏற்கத்தக்க அளவு. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 வரை விடுவார்கள். ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் அவர்களுக்கு போர்தான். குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டுப் பையன் சிரித்தான். முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு. ஃபுளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்தால் விழும் கறை அது.

மனசு கேட்கவில்லை. கேனில் மிச்சமிருந்ததை வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். 2.0 என்று வந்தது. அன்றைக்கே ஸ்டாண்டர்டு கரைசல்களில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 33க்கு இறங்கியிருந்தது. ஒரே கரைசலில் செட் பண்ணினால் மீட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 33 தரும் எலக்ட்ரோடை 59 தருவதாக வைத்துக்கொண்டு மீட்டர் கணக்குப் போட்டால், 2.0 சரியாக 1.47 ஆகத்தான் தெரியும். தாளில் போட்டுப் பார்த்துவிட்டேன், நீங்களும் பாருங்கள். ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கப் போனபோது அந்த அம்மா, "கொதிக்க வச்சாப் போயிடுமாண்ணா?" என்று கேட்டார். போகாது, தண்ணீர் சுண்டினால் இன்னும் கூடும். இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு நீங்கள் அனுப்பிய பதில்: "மாதிரியில் உள்ள உப்புகள் காரணமாக இருக்கலாம்." 41ம் 33ம் நீங்களே பாட்டிலில் அடைத்துக் கொடுத்த ஸ்டாண்டர்டு கரைசல்களில் வந்தவை. அதில் யார் ஊர் உப்பு?

அப்புறம், சோதிக்கும் தண்ணீரில் கலக்க நீங்கள் கொடுத்த அந்த பஃபர் கரைசல். இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்திருக்கும் ஃபுளோரைடை விடுவித்து, பிஎச்சை (அமிலத்தன்மை அளவை) 5க்கும் 5.5க்கும் இடையில் நிறுத்துவது அதுதான். பாட்டிலில் இருந்த தேதி ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதன்படி அது காலாவதியாகி இரண்டு வருடம். எலக்ட்ரோடு எத்தனை வருடம் அலமாரியில் கிடந்ததோ.

புது எலக்ட்ரோடு, அந்த எலக்ட்ரோடுக்கே எடுத்த ஸ்லோப் அளவுடன் சான்றிதழ், புது பஃபர் ஆகியவற்றை 15 நாளுக்குள் அனுப்புங்கள். இல்லையென்றால் முழுப் பணம் வேண்டும். வாரண்டி இன்னும் இருக்கிறது. சுயதொழிலுக்கு வாங்கிய கருவி என்பதால் தருமபுரி நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக எனக்குத் தடையில்லை. ஒரே கரைசலில் செட் பண்ணச் சொல்வதை உங்கள் சர்வீஸ்காரர் இன்றைக்கே நிறுத்த வேண்டும். அதற்கு மட்டும் 15 நாள் தவணை கிடையாது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், இரண்டு ரிப்போர்ட்டுகள், ஸ்டிக்கரின் புகைப்படம்