உன் சோளக் காடும் என் நெல் வயலும்

தம்பலகாமம்,
திருகோணமலை.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிவிட்டாள் என்றதும் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அவவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஆதிகோணேசர் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறா.

நைதரசு ஒட்சைட்டு விஷயத்தில் நீ இருக்கும் கனடாவை விட இலங்கையில் இருக்கும் நாங்கள் நல்லவர்கள் என்று எழுதியிருந்தாய். நாங்கள் பள்ளியில் சிரிப்பூட்டும் வாயு என்று படித்த அதேதான், பசளை போட்ட மண்ணிலிருந்து கிளம்பிப் பூமியைச் சூடாக்குகிறது. மொத்தக் கணக்கில் கனடாதான் அதிகம், அங்கே பயிர் நிலமே எத்தனை மடங்கு! ஆனால் மொத்தத்தை வைத்து நல்லவர், கெட்டவர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் ஏக்கரையே எடுப்போம். ஒரு போகத்துக்கு 2 மூடை, அதாவது 100 கிலோ யூரியா எறிகிறேன். அதில் நைதரசன் 46 கிலோ. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி. 2019இல் திருத்திய கணக்குப்படி, தண்ணீர் கட்டிய நெல் வயலில் போட்ட நைதரசனில் 0.4 சதவீதம் இந்த வாயுவாகப் போகும். ஒட்சிசனும் சேர்ந்து வாயுவாகும்போது அது ஏறக்குறைய 290 கிராம். அதே யூரியாவை ஈரக் காலநிலையில் மேட்டுநிலப் பயிருக்குப் போட்டால் 1.6 சதவீதம், 1 கிலோ 150 கிராமுக்கு மேல். பூமியைச் சூடாக்குவதில் ஒவ்வொரு கிலோவும் நூறாண்டுக் கணக்கில் 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். உங்கள் பக்கத்தில் பனி உருகும்போது மண்ணிலிருந்து ஒரேயடியாகக் கிளம்புவது வேறு.

இதைக் கேட்டு எங்களை மெச்சிவிடாதே. தண்ணீருக்குள் கிடக்கும் அதே வயல்தான் பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான மீதேனை விடுகிறது. அதைக் குறைக்க வயலைக் காய விட்டுத் திரும்பக் கட்டினால், நைதரசு ஒட்சைட்டு கூடுகிறது.

இந்தச் சிறுபோகத்தில் அதை யோசித்துக்கொண்டே வரம்பில் நின்றேன். வறண்ட கச்சான் காற்று அடித்து, வாய்க்காலில் முறை வைத்து விடும் தண்ணீர் நாலு நாள் பிந்தி, பள்ளக் காணியில்கூட விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பசளை எறிய வந்தவர் ஈரக் கையில் யூரியாவை அள்ளி, "ஐஸ் மாதிரிக் குளிருது, இண்டைக்கே எறிவமே?" என்றார். நான் விடவில்லை. அப்பா எங்களுக்குச் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும், வாய்க்காலில் தண்ணீரைக் கண்ட பிறகுதான் மூடையை அவிழ்க்க வேண்டும். காய்ந்த மண்ணில் பசளையும் போட்டு மேலே தண்ணீரும் பாய்ச்சினால், பயிர் எடுக்க முதல் நுண்ணுயிர்கள் ஒரு பங்கை எடுத்து இந்த வாயுவாக்கிவிடும். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது, பிறகுதான் எறிந்தோம்.

கனடா 2020இல் அறிவித்த இலக்கு பற்றியும் கேட்டிருந்தாய். 2030க்குள் 30 சதவீதம் குறைப்பது பசளையால் வரும் வாயுவை, பசளையை அல்ல. அந்த வித்தியாசம் எங்களுக்கு வலிக்க வலிக்கத் தெரியும். 2021இல் இங்கே இரசாயனப் பசளை இறக்குமதியையே நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை நீக்கும்போது பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்த முறை என் வயலில் பயிர் மஞ்சளாய், கதிர் பாதி பதராய் நின்றது. யூரியா எறியாததால் வாயு குறைந்திருக்கும்தான். ஆனால் அதைப் பெருமையாக எழுதுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு கிலோ நெல்லுக்கு எவ்வளவு வாயு என்று பார்ப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

உன் வீட்டுக்குப் பக்கத்துச் சோளக்காரரிடம் ஒன்று கேட்டு எழுது. அவர் பசளையை விதைக்கும்போதே முழுதும் போடுகிறாரா, பயிர் முழங்காலளவு வந்த பிறகு பிரித்துப் போடுகிறாரா? நான் இந்த முறை இரண்டு மூடையையும் மூன்று தடவையாகப் பிரித்திருக்கிறேன். அறுவடைக்குப் பிறகு எத்தனை மூடை வந்தது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்