மெக்ரிட்சி காலை நடை: கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை நெருங்கினாலே, "சனிக்கிழமை காலை மெக்ரிட்சி போகலாமா?" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும். சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் மர உச்சிகளுக்கு மேலே செல்லும் 'ட்ரீடாப் வாக்' தொங்குபாலத்தின் படமும் கூடவே வரும். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பக்கமிருந்து நுழைவது என்பது மட்டும் வராது. இந்த இரண்டும் பிசகினால், நண்பரோடு காற்று வாங்கப் போன நடை மூடிய கதவுக்கு முன்னால் காத்திருப்பதிலோ, உச்சி வெயிலில் தண்ணீர் தீர்ந்து திரும்புவதிலோ முடிகிறது.

பாலம் செவ்வாய் முதல் வெள்ளி வரை காலை 9 மணிக்கும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் 8.30 மணிக்கும் திறக்கும். மாலை 4.45க்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். திங்கட்கிழமை விடுமுறை; அன்று பொது விடுமுறையாக இருந்தால் மட்டும் திறந்திருக்கும். பராமரிப்புக்காக இடையிடையே மூடுவதும் உண்டு என்பதால் முதல் நாள் இரவே தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. காட்டுப்பாதைகளுக்கான நேரம் காலை 7 முதல் இரவு 7 வரை. சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே ஏறத்தாழ 7 மணிக்குத்தான். மரங்களுக்கடியில் வெளிச்சம் இறங்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். ஆகவே ஆறு மணிக்கே போய் நிற்பதில் பயனில்லை.

இனி தூரக் கணக்கு. நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து பாலத்துக்கு ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். வேர்களும் ஏற்ற இறக்கமும் உள்ள பாதையில் பேசிக்கொண்டே நடப்பவர்கள் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனால் அதிகம். சனிக்கிழமை 7 மணிக்குப் புறப்பட்டால் பாலம் திறக்கும் வேளையில் போய்ச் சேரலாம். வீனஸ் டிரைவ் பக்கமிருந்து வின்சர் இயற்கைப் பூங்கா வழியாக நுழைந்தால் தூரம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர்தான், 7.30க்குக் கிளம்பினால் போதும். முதல்முறை வரும் நண்பரை இந்த வழியாகவே அழைத்து வாருங்கள். பாலத்தையும் திரும்பும் சுற்றையும் சேர்த்துப் போகவர ஆறேழு கிலோமீட்டரில் முடிந்துவிடும். நீர்த்தேக்கத்தைச் சுற்றும் பத்து, பதினொரு கிலோமீட்டர் முழுச்சுற்றைப் புதியவர் தலையில் கட்டுவது நட்புக்கு நல்லதல்ல!

2004ல் திறக்கப்பட்ட இந்தப் பாலம் புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் ஆகிய இரு குன்றுகளை இணைக்கிறது. நீளம் 250 மீட்டர். உயரமான இடத்தில் தரையிலிருந்து 25 மீட்டர். குறுகலானது, நடக்கும்போது ஆடும். முக்கியமாக, இது ஒருவழிப்பாதை. பாதியில் பயந்து திரும்ப முடியாது. உயரம் ஒத்துக்கொள்ளாதவர் நுழைவாயிலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பாலத்தைத் தாண்டினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குப் பெட்டாலிங் பாதையின் படிக்கட்டுகள் காத்திருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சோதனை அங்கேதான்.

காலை நேரம் குளுமையாக இருக்கும் என்று ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீரோடு வருவது பரவலான தவறு. விடியலில் வெப்பநிலை குறைவு என்பது உண்மை. ஆனால் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். வியர்வை உலராது, உடல் சூடு தணியாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் எடுத்து, தாகம் வரும்வரை காத்திராமல் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மடக்கு குடிக்கலாம். பாலத்துக்கு முன்னாலுள்ள ரேஞ்சர் நிலையத்தில் கழிப்பறையும் குடிநீரும் உண்டு. வழியில் கடை எதுவும் கிடையாது. பருத்திச் சட்டை நனைந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். சீக்கிரம் உலரும் விளையாட்டுச் சட்டையே மேல்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' சூறைக்காற்று பெரும்பாலும் விடியற்காலையிலிருந்து நண்பகலுக்குள்தான் வீசும், அதாவது நாம் நடக்கக் கிளம்பும் அதே நேரத்தில். வானிலை காட்டும் மைஎன்வி செயலியில் மழை மேகம் மேற்கிலிருந்து வருவது தெரிந்தால் நடையைத் தள்ளிப்போடுங்கள். மழை விட்டதும் ஓடிப்போய் நுழையவும் வேண்டாம். நனைந்து கனத்த கிளைகள் பிறகும் முறிந்து விழும். செம்மண் வழுக்கும், நீரோரத்துப் பலகைப்பாதை அதைவிட மோசம். வேர்மீது மிதிக்காமல் தாண்டி வையுங்கள். ஈர வேர் சோப்புக்கட்டி மாதிரி. தேய்ந்த அடிப்பாகம் உள்ள பழைய காலணியைத்தான் பலரும் 'காட்டுக்கு இது போதும்' என்று போட்டு வருகிறார்கள். பிடிமானம் தேவைப்படும் இடத்தில் அது கைவிட்டுவிடும். கைப்பிடிகளைக் கண்ணால் பார்த்த பிறகே பற்ற வேண்டும். எறும்பு வரிசை இருக்கலாம். அசையாமல் கிடக்கும் விரியனும் இருக்கலாம்.

குரங்குகள் விஷயத்தில்தான் அதிகத் தவறு நடக்கிறது. இங்குள்ள நீள்வால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் உணவு என்று பழகிவிட்டது. பழக்கியவர்கள் நாம்தான். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தால் அது பறிபோகும். உணவை மூடிய முதுகுப்பைக்குள் வையுங்கள். குரங்குக் கூட்டத்துக்கு அருகே பையைத் திறக்காதீர்கள். கிட்ட வந்தால் கத்தாமல், முறைத்துப் பார்க்காமல், பல்லைக் காட்டிச் சிரிக்காமல், மெதுவாகப் பின்வாங்குங்கள். பல்லைக் காட்டுவது அவற்றின் கணக்கில் மிரட்டல். குட்டிக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வனவிலங்குச் சட்டப்படி முதல்முறை குற்றத்துக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை. காட்டுப்பழம் தின்று விதை பரப்பும் விலங்கு, கைநீட்டிக் கொடுக்கும் மனிதரைத் தேடிச் சாலைக்கு வந்தால் வாகனத்தில் அடிபடுகிறது.

இருவர் நடக்கும்போது மெதுவாக நடப்பவரே முன்னால் போகட்டும். வேகமானவர் முன்னால் போனால் மற்றவர் துரத்திக்கொண்டே வருவார், கால் இடறுவதும் அப்போதுதான். ஓடிவருபவர்களுக்கு வழிவிட்டு இடப்பக்கம் செல்லுங்கள். ஒலிபெருக்கியில் பாட்டு வேண்டாம். மற்றப் பறவைகளின் குரலைப் பாவனை செய்யும் துடுப்புவால் கரிச்சான் இங்கே உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருப்பதும் இதே பறவைதான். அதன் கச்சேரியைக் கேட்க நாம் கொஞ்சம் சும்மா இருக்க வேண்டும். நாயும் சைக்கிளும் இந்தக் காட்டுப்பாதைகளில் அனுமதியில்லை.

வீனஸ் டிரைவுக்கு அப்பர் தாம்சன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்து எடுக்கலாம். நீர்த்தேக்கப் பூங்காவுக்குக் கால்டிகாட் நிலையம் பக்கம். பசியாறுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்பர் தாம்சன் சாலையில் பரோட்டாக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. போகும்முன் ஒரு வாழைப்பழமோ இரண்டு துண்டு ரொட்டியோ போதும்.

தங்கள் வார இறுதிப் பக்கத்தில் இத்தகைய நடைகளை அறிமுகப்படுத்தும்போது படத்தோடு திறக்கும் நாள், நேரம், தூரம், தண்ணீர் கிடைக்கும் இடம் ஆகிய நான்கையும் ஒரு சிறு கட்டத்தில் போட்டால் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர், பீஷான்