‘கடல் உள்வாங்கியது’ என்று போடும் முன் ஒரு போன் போடுங்கள்

மதிப்பிற்குரிய தொலைக்காட்சி, இணையச் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் ஒருவன் எழுதுகிறேன். ஆடி அமாவாசைக்கு மறுநாள் எங்கள் ஊரைப் பற்றி நீங்கள் போட்ட செய்தி நினைவிருக்கும். ‘திடீரென உள்வாங்கிய கடல், தரைதட்டிய படகுகள், பீதியில் மீனவர்கள்.’ அந்தச் சிவப்புப் பட்டை சாயங்காலம் வரை ஓடியது. முதலில் போட்டது யார் என்று நான் ஆராயப் போவதில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டீர்கள், அவ்வளவுதான்.

படத்தில் சாய்ந்து கிடந்த நீல வல்லம் என் தாய்மாமனுடையது. வர்ணம் அடிக்க வேண்டுமென்று ஏற்றிப் போட்டு அப்போதே பத்து நாளாகியிருந்தது. பீதியில் இருந்த மீனவரும் அவர்தான். வல்லத்து நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். என் அம்மாவுக்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. பிறந்தது வடகடல் கரையில், அதாவது பாக் நீரிணைப் பக்கம். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, மட்டி பொறுக்கி விற்று எங்களை வளர்த்தவள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடித்தால் வடகடல் ஓரம் விலகும், வாடை திரும்பினால் திரும்பி வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அன்றைக்கு நான் உதிரிபாகம் வாங்க ராமநாதபுரம் போயிருந்தேன். மனைவி நண்டு கம்பெனியில், பையன் பள்ளிக்கூடத்தில். வீட்டில் அம்மாவும் டிவியும்.

நாலு மணிக்குத் திரும்பினால் வீடு பூட்டிக் கிடக்கிறது. தேடிப் பிடித்த இடம் ரயில் நிலையம். மடியில் மஞ்சப்பை, அதில் பட்டா, ரேஷன் கார்டு, அப்பாவின் படம். பெஞ்சுக் காலில் கயிற்றோடு எங்கள் ஆடு. ரயில் வந்தால் ஏறிவிடலாம் என்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏம்மா, வத்துறதுதானே, உனக்குத் தெரியாதா?” என்றேன்.

“தெரியும்ப்பா. கரைக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். எப்பவும் வத்துற மாதிரிதான் இருந்துச்சு. ஆனா டிவியிலயே போட்டுட்டாங்களே.”

தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தும், உங்கள் எழுத்துக்குப் பயந்து ஆட்டைப் பிடித்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். இப்போது தெருப் பிள்ளைகள் அவளைச் ‘சுனாமிப் பாட்டி’ என்கிறார்கள். மட்டிக்கு இறங்குவதையே விட்டுவிட்டாள்.

நடந்தது இதுதான். பாக் நீரிணைப் பக்கம் எங்கள் கடல் ஆழமில்லாதது. பெரும்பாலும் 15 மீட்டருக்குள். ஓரத்தில் தரை தாம்பாளம் மாதிரி. ஓரடி தண்ணீர் இறங்கினாலே நூறடி மணல் தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அதோடு ஆடிக் காற்றும் சேர்ந்துகொண்டு தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளும். இதில் ‘திடீர்’ எங்கே வந்தது? சர்வே ஆஃப் இந்தியா வருடாவருடம் ஏற்றவற்ற அட்டவணையை முன்கூட்டியே அச்சடித்துத் தருகிறது.

சுனாமிக்கு முன் விலகும் கடல் நிமிடக் கணக்கில் திரும்பிவிடும். எங்கள் வற்றம் மணிக்கணக்கில் கிடந்து, மெல்ல ஏறும். 2004 டிசம்பர் 26 காலை 6.28க்குச் சுமத்ரா பக்கம் நிலம் அதிர்ந்து, நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று சொல்ல ஆளில்லை. அதனால்தான் 2007இல் ஹைதராபாத்தில், கடல் பற்றிய தகவல் தரும் இன்காய்ஸ் நிறுவனத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கினார்கள். கடலடியில் பெரிய அதிர்வு வந்தால் சில நிமிடங்களில் அறிவிப்பு வந்துவிடும். அறிவிப்பு இருக்கிறதா என்று அங்கே ஒரு போன் போட்டிருக்கலாம். இல்லையென்றால் எங்கள் ஊருக்கே போட்டிருக்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949இல் மண்டபத்துக்கு வந்தது. தலைமையகம் கொச்சிக்குப் போன பிறகும் இங்கே அதன் மையம் இருக்கிறது. ஒரு போன், இரண்டு நிமிடம்.

புலி வருது கதை உங்களுக்கும் தெரியும். நிஜமாகவே ஓட வேண்டிய நாளில் என் அம்மா எழுந்திருக்க மாட்டாள். அந்தக் கேலி அவளுக்குப் போதும்.

இது ஒன்றுதான் என்றாலும் பரவாயில்லை. கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கினால் உங்களுக்கு ‘மர்மம்’. அது பூங்கோரை, கடலில் பெருகும் பாசி என்று எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளை சொல்லும். ஆவுளியா என்கிற கடல்பசு ஒதுங்கினால் ‘அதிசய மீன்’. அது பால் கொடுத்துக் குட்டி வளர்க்கிற உயிர், மீனே இல்லை. தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள, ராமர் பாலம் என்று சொல்கிற திட்டுகளை நாசா படமெடுத்தால், அன்று ராத்திரியே அதற்கு 17 லட்சம் வயது. படத்தை வைத்து வயது சொல்ல முடியாது என்று நாசாக்காரர்களே சொன்னது மட்டும் பட்டையில் ஓடவில்லை. இடம் இல்லை போலிருக்கிறது.

உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். 2025 ஏப்ரலில் பாம்பன் புதிய பாலம் திறந்தபோது தூக்குப் பகுதி 72.5 மீட்டர் என்று புள்ளி சுத்தமாகச் சொன்னீர்கள். பாலத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதியைப் பாலத்துக்குக் கீழே இருக்கிற தண்ணீருக்கும் காட்டலாம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். பணிவோடு கேட்பது ஒன்றே ஒன்று: கடல் உள்வாங்கியதாக அடுத்த முறை யாராவது படம் அனுப்பினால், போடும் முன் ஒரு போன் போடுங்கள். வற்றம் எத்தனை மணிக்கு, தண்ணீர் திரும்ப எப்போது ஏறும் என்று கேட்டு, அதையும் சேர்த்துப் போடுங்கள்.

நாளை பௌர்ணமி. காலையில் தண்ணீர் நன்றாக வற்றும். கேமராவோடு ஆள் அனுப்புவதாக இருந்தால் வெள்ளனவே வரச்சொல்லுங்கள், அப்புறம் ஏறிவிடும். மாமாவின் வல்லத்துக்கு இன்னும் ஒரு கோட்டிங் பாக்கி இருக்கிறது. அதே இடத்தில்தான் கிடக்கும்.

இப்படிக்கு,
மண்டபத்துக்காரன்